போட்டியாளர் கட்டிய பொதுமேடை: டிரேட்லென்ஸ் ஏன் நிலைக்கவில்லை?

டென்மார்க்கின் கன்டெய்னர் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க், அதுவரை கண்டிராத லாபத்தை 2022-இல் கண்டது. கொரோனாக் காலத்தில் ஏறிய கப்பல் கட்டணத்தின் புண்ணியத்தில், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று, ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திவந்த டிரேட்லென்ஸ் என்னும், கப்பல் சரக்கின் நகர்வையும் ஆவணங்களையும் பலரும் பகிர்ந்துகொள்ளும் மின்தளத்தை மூடப்போவதாக அது அறிவித்தது. 2023-இன் முதல் காலாண்டோடு தளத்தை நிறுத்திவிடுவது என்பது முடிவு.

பணத்தட்டுப்பாடு காரணமில்லை என்பதை அந்த லாபக் கணக்கே சொல்லிவிடுகிறது. தொழில்நுட்பம் காலை வாரியது என்றும் சொல்ல முடியாது. மேர்ஸ்கின் வணிகத் தளங்கள் பிரிவுத் தலைவர் ரோட்டெம் ஹெர்ஷ்கோ அன்று சொன்னதன் சாரம் இது: இயங்கக்கூடிய தளத்தை உருவாக்கிவிட்டோம்; ஆனால் உலகத் தொழில்துறை முழுவதும் கைகோக்கும் நிலை வரவில்லை; ஆகவே தனி வணிகமாகத் தொடரும் அளவுக்கு இது தேறவில்லை.

ஒரு நிறுவனத்தின் நான்கு சுவர்களுக்குள் எல்லா நல்ல யோசனைகளும் பிறந்துவிடாது, வெளியிலிருந்து வாங்கவும் வெளியே கொடுக்கவும் பழக வேண்டும் என்பது திறந்தநிலைப் புத்தாக்கத்தின் அடிப்படை. 2003-இல் ஹென்றி செஸ்பரோ அதற்குப் பெயர் சூட்டியதிலிருந்து வணிகப் பள்ளிகளில் வெற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. தோற்ற கதைகளைத்தான் அதிகம் பேசுவதில்லை. வழங்கல் தொடரில் அந்தக் கருத்தைச் சோதித்த மிகப்பெரிய முயற்சிகளில் ஒன்று டிரேட்லென்ஸ். தளத்தில் யார் சேரலாம் என்பதில் அது தாராளமாக இருந்தது. தளத்தைப் பற்றி யார் முடிவெடுக்கலாம் என்பதில் அந்தத் தாராளம் இல்லை. என் பார்வையில் மற்றக் காரணங்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

தாள் தாளாக ஒரு பயணம்

2014-இல் மேர்ஸ்க் ஒரு காரியம் செய்தது. கென்யாவிலிருந்து நெதர்லாந்துக்குப் புறப்பட்ட ரோஜாவும் வெண்ணெய்ப்பழமும் அடங்கிய கன்டெய்னர் ஒன்றைத் தோட்டத்திலிருந்தே பின்தொடர்ந்தது. கப்பல் எங்கே போகிறது என்பதை அல்ல, தாள் எங்கே போகிறது என்பதை. ஏறத்தாழ முப்பது தரப்பினர் அதில் கைவைத்தார்கள். அவர்களுக்கிடையே இருநூறுக்கும் மேற்பட்ட தகவல் பரிமாற்றங்கள் நடந்தன. பயணம் முழுவதற்கும் சுமார் 34 நாள். அதில் பத்து நாள் ஆவணங்களுக்காகக் காத்திருந்தே கழிந்தது. ரோஜாவுக்குப் பத்து நாள் என்பது என்ன என்று பூக்கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார்.

இந்தச் சிக்கலின் நடுவில் இருப்பது பி.எல். என்று துறைமுக வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கப்பல் சரக்குச் சீட்டு. பார்க்க ஒரு தாள். செய்யும் வேலை மூன்று. சரக்கைக் கப்பல் நிறுவனம் பெற்றுக்கொண்டதற்கு அது ரசீது. ஏற்றிச் செல்லும் ஒப்பந்தத்துக்கு அது சான்று. யார் கையில் அசல் இருக்கிறதோ அவருக்கே சரக்கைக் கேட்கும் உரிமை என்பதால், அது சொத்துப் பத்திரமும்கூட. மூன்றாவது வேலைதான் வில்லங்கம். ரசீதை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம். பத்திரத்தை அனுப்ப முடியாது. அசல் ஒரே தொகுப்பாக மட்டும் இருக்கும் என்பதால்தான் வங்கி அதன்மேல் கடன் தருகிறது. நகல் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆகிவிட்டால், ஒரே சரக்கை மூன்று பேருக்கு விற்கவும் வழி பிறந்துவிடும்.

அதனால் அசல் பி.எல். கூரியரில் போகிறது. ஏற்றுமதியாளரிடமிருந்து அவர் வங்கிக்கு, அங்கிருந்து வாங்குபவரின் வங்கிக்கு, பிறகு வாங்குபவருக்கு. குறுகிய கடல் வழிகளில் கப்பல் முந்திக்கொள்கிறது. சரக்கு துறைமுகத்தில் கிடக்கும், சீட்டு வந்திருக்காது, நாள் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். வங்கி உத்தரவாதக் கடிதம் கொடுத்துச் சரக்கை எடுக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

ஆவணங்களைக் கையாளும் செலவு, சரக்கை ஏற்றிச் செல்லும் செலவில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகக்கூடும் என்று மேர்ஸ்கும் ஐபிஎம்மும் பின்னர் சொன்னார்கள். தளத்தை விற்க வந்தவர்கள் சொன்ன கணக்கு அது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், சிக்கல் உண்மையானது என்பதில் ஐயமில்லை.

கட்டியது என்ன?

இரு நிறுவனங்களும் 2016-இல் சேர்ந்து வேலை தொடங்கின. 2017 மார்ச்சில் வெளியுலகுக்கு அறிவித்தன. லியோனிலிருந்து ரோட்டர்டாம் வழியாக நியூவார்க் போன ஷ்னைடர் எலெக்ட்ரிக் சரக்கு, கென்யப் பூக்கள், கலிஃபோர்னிய ஆரஞ்சு வகைகள், கொலம்பிய அன்னாசி என்று பலவற்றில் சோதனை ஓட்டங்கள் நடந்தன. 2018 ஆகஸ்டில் டிரேட்லென்ஸ் என்ற பெயர் வந்தபோது 94 அமைப்புகள் சேர்ந்திருந்தன: பிஎஸ்ஏ சிங்கப்பூர் போன்ற முனைய நிறுவனங்கள், நெதர்லாந்து, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பெரு உள்ளிட்ட நாடுகளின் சுங்கத் துறைகள், ஏற்றுமதியாளருக்காகச் சரக்கை அனுப்பிவைக்கும் இடைத்தரகர்களான ஃபார்வர்டர்கள் சிலர். ‘என் கன்டெய்னர் எங்கே’ என்ற கேள்விக்கு விடை தேட முன்பு பத்துப் படிகளும் ஐந்து ஆட்களும் தேவைப்பட்டார்கள், இப்போது ஒரு படி, ஓர் ஆள் போதும் என்று அன்று விளம்பரப்படுத்தினார்கள்.

அடித்தளம் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்னும் திறந்த மூலப் பிளாக்செயின் மென்பொருள்; பிளாக்செயின் என்பது பலரிடமும் பிரதி இருக்கும், பதிந்ததைச் சங்கிலியாகக் கோத்து வைக்கும் பொதுப் பதிவேடு. பிட்காயின் போல யார் வேண்டுமானாலும் நுழையும் வகை அல்ல. அனுமதி பெற்றவர் மட்டுமே நுழையலாம். கன்டெய்னர் வாயிலைக் கடந்தது, கப்பலில் ஏறியது, இறங்கியது, சுங்கம் விடுவித்தது போன்ற நிகழ்வுகள் இதில் பதிவாகும். ஆவணத்தின் கைரேகை போன்ற கணக்கீட்டு எண் சங்கிலியில் ஏறும். பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் தெரிந்துவிடும். பெரிய கப்பல் நிறுவனங்கள் தங்கள் கணுவை, அதாவது பதிவேட்டின் பிரதியை வைத்திருக்கும் கணினியை, தாங்களே நடத்தலாம். ஒரு சரக்கோடு தொடர்புடையவர் அந்தச் சரக்கின் விவரத்தை மட்டும், அதுவும் தம் பங்குக்கு உரியதை மட்டும் பார்க்கலாம். போட்டிக் கப்பல் நிறுவனமான எம்எஸ்சியின் வாடிக்கையாளர் பட்டியலை மேர்ஸ்கின் விற்பனையாளர் பார்த்துவிட முடியாதபடிதான் அதை வடிவமைத்தார்கள்.

இதற்குப் பிளாக்செயின் தேவையா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. நிகழ்வுகளைப் பதிய நல்லதொரு பொதுத் தரவுத்தளமே போதும் என்பது என் எண்ணமும். கன்டெய்னர் எண்ணை வாயிலில் ஒருவர் தவறாகத் தட்டினால், அந்தத் தவற்றை யாராலும் அழிக்க முடியாதபடி சங்கிலி பாதுகாத்து வைக்கும், சரியாக்கித் தராது. ஆனால் போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் நம்பாத இடத்தில் ‘எவரும் தனியாக மாற்ற முடியாத பதிவு’ என்று சொல்வதற்கு ஒரு விற்பனை மதிப்பு இருந்தது. 2017–18-இல் பிளாக்செயின் என்ற சொல்லுக்கு இருந்த மவுசையும் மறக்கக் கூடாது.

இடையில் ஒரு விபத்து. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்னும் கணினி நச்சுநிரல் மேர்ஸ்கை முடக்கியது. 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், 2,500 மென்பொருள்கள் எல்லாவற்றையும் பத்தே நாளில் மீண்டும் நிறுவியதாக அதன் தலைவர் ஜிம் ஹாகெமன் ஸ்னாபெ 2018 தொடக்கத்தில் டாவோஸில் சொன்னார். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர். உலகெங்கும் அழிந்துபோன ஒரு முக்கியச் சேவையகத்தின் நல்ல பிரதி கானாவில் மட்டும் தப்பியது. அங்கே அந்த நேரத்தில் மின்சாரம் இல்லை! மின்வெட்டுக்கு நன்றி சொன்ன கணினித் துறையினர் அவர்களாகத்தான் இருப்பார்கள். அடுத்தவர் தரவையும் கொண்டு ஒரு தளம் நடத்தப் புறப்பட்ட நிறுவனத்துக்கு அது நல்ல சகுனம் அல்ல.

சேரச் சொன்னவர் யார்?

2018 ஜனவரியில் கூட்டு நிறுவன அறிவிப்பு வந்தது. மேர்ஸ்குக்கு 51 விழுக்காடு, ஐபிஎம்முக்கு 49. கன்டெய்னர் கப்பல் தொழிலில் அன்று முதலிடத்தில் இருந்த நிறுவனம், மற்ற எல்லோரையும் தன் பெரும்பான்மைப் பங்குள்ள தளத்துக்கு அழைக்கிறது. அழைக்கப்பட்டவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சில மாதங்களிலேயே ஜெர்மனியின் கப்பல் நிறுவனமான ஹாப்பாக்-லாயிட்டின் தலைவர் ரோல்ஃப் ஹாபன் யான்சன் வெளிப்படையாகச் சொன்னார்: தொழில்நுட்ப அளவில் நல்ல தளமாக இருக்கலாம், ஆனால் மேர்ஸ்க், ஐபிஎம் ஆகியவற்றின் தளமாக இல்லாமல் தொழில்துறையின் தளமாக ஆக்கும் நிர்வாக முறை வேண்டும்.

கூட்டு நிறுவனத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆகஸ்டில் அது ஒத்துழைப்பு ஒப்பந்தமாக மாறியது. ஆலோசனைக் குழு அமைப்போம் என்றார்கள். ஆனால் அறிவுச்சொத்து உரிமை இருவரிடமே இருந்தது. ஆலோசனை சொல்லும் இருக்கைக்கும் வாக்களிக்கும் இருக்கைக்கும் உள்ள தூரத்தைக் கப்பல்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மற்றக் கப்பல் நிறுவனங்கள் வராவிட்டால் நம்மிடம் விற்க ஒரு பொருளே இல்லை என்ற பொருளில் ஐபிஎம் தரப்புப் பொறுப்பாளரே அந்த அக்டோபரில் பேட்டி கொடுத்தார். அந்த நேர்மையைப் பாராட்டலாம்.

பிறகு வந்தார்கள். 2019 மே மாதம் எம்எஸ்சியும் பிரெஞ்சுக் கப்பல் நிறுவனமான சிஎம்ஏ சிஜிஎம்மும், ஜூலையில் ஹாப்பாக்-லாயிட்டும் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டான ஓ.என்.இ.யும். உலகக் கன்டெய்னர் சரக்கில் பாதிக்கு மேல் இந்த வளையத்துக்குள் வந்துவிட்டதாகத் தலைப்புச் செய்திகள் கொண்டாடின. ஆனால் சேர்வதாகக் கையெழுத்திடுவது வேறு, தரவு பாய்வது வேறு. எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் ஆகியவற்றின் இணைப்பு முழுமையானது 2020 அக்டோபரில்தான். போட்டியாளர்கள் தகவல் பகிர்வது கூட்டுச்சதி ஆகிவிடக் கூடாது என்பதால் அமெரிக்கக் கடல்சார் ஆணையத்திடம் ஒப்பந்தம் பதிவு செய்யும் வேலையும் நடுவில் இருந்தது.

சேர்ந்தவர்களின் மனநிலையைப் படிக்க ஹாப்பாக்-லாயிட்டைப் பார்த்தால் போதும். டிரேட்லென்ஸில் உறுப்பினர். அதே நேரத்தில், காஸ்கோ, ஓஓசிஎல் என்னும் கப்பல் நிறுவனங்கள், ஷாங்காய், சிங்தாவ் துறைமுகங்கள் முதலியோர் சேர்ந்து 2021-இல் ஹாங்காங்கில் நிறுவிய ஜிஎஸ்பிஎன் என்னும் போட்டித் தளத்தில் பங்குதாரர். முன்னதில் உறுப்பினர், பின்னதில் உரிமையாளர். எதில் மனம் ஊன்றும்?

போட்டியாளர்களுக்கு ஒத்துழைக்கத் தெரியாது என்று இதை முடித்துவிட முடியாது. மேர்ஸ்கும் எம்எஸ்சியும் 2015 முதல் 2எம் கூட்டணியில் ஒருவர் கப்பலில் ஒருவர் இடம் பகிர்ந்தவர்கள். 2025 பிப்ரவரியிலிருந்து மேர்ஸ்க் அதே ஹாப்பாக்-லாயிட்டோடு ஜெமினி என்ற பெயரில் கப்பல் பகிர்கிறது. கப்பல் பகிர்வில் ஒவ்வொருவரும் எவ்வளவு கப்பல் தருகிறார், எவ்வளவு இடம் பெறுகிறார் என்பது கணக்கில் நிற்கும். தரவுத் தளத்தில் எல்லோரும் தருகிறார்கள். தளத்தின் மதிப்பு மட்டும் உரிமையாளர் இருவரிடம் சேர்கிறது.

ஃபார்வர்டர்களுக்கு இன்னொரு கவலை. அதே ஆண்டுகளில் மேர்ஸ்க் ‘துறைமுகம் முதல் துறைமுகம் வரை’ என்பதை விட்டுக் கிடங்கு, சுங்கத் தரகு, உள்நாட்டுப் போக்குவரத்து என எல்லாவற்றையும் தானே செய்யும் நிறுவனமாக மாறிக்கொண்டிருந்தது. 2022-இல் கிடங்கு, விநியோக நிறுவனமான எல்எஃப் லாஜிஸ்டிக்ஸை வாங்கியது அந்த வழியில்தான். அதாவது ஃபார்வர்டரின் பிழைப்பில் கைவைக்கும் நிறுவனம், ஃபார்வர்டரிடம் ஆவணங்களைத் தன் தளத்தில் ஏற்றச் சொன்னது. என்னதான் தொழில்நுட்பத் தடுப்புச் சுவர் எழுப்பினாலும் இந்தச் சந்தேகம் தீராது; அது குறியீட்டைப் பற்றிய சந்தேகம் அல்ல, நோக்கத்தைப் பற்றியது.

வருவாய்ப் பக்கமும் வலுவில்லை. தரவு தருவோர் கப்பல் நிறுவனங்களும் துறைமுகங்களும். காசு கொடுக்க வேண்டியவர் சரக்கு உரிமையாளர். அவருக்கோ கன்டெய்னரைக் கண்காணிக்க 2021 வாக்கில் வேறு வழிகள் பெருகிவிட்டன. கப்பல் நிறுவனங்களே நேரடி மென்பொருள் இணைப்பு கொடுத்தன. புராஜெக்ட்44 போன்ற நிறுவனங்கள் எவருடைய கப்பலுக்கும் சார்பில்லாமல் அதே சேவையை விற்றன.

சீ-லேண்ட் கொடுத்த காப்புரிமை

கன்டெய்னர் தொழிலின் சொந்த வரலாற்றிலேயே இதற்கு நேர் எதிரான பாடம் இருந்தது. கன்டெய்னர் போக்குவரத்தின் முன்னோடியான அமெரிக்கர் மால்கம் மெக்லீன் 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல்-எக்ஸ் கப்பலில் 58 கன்டெய்னர்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். பிறகு சீ-லேண்ட் என்று பெயர் மாறிய அவருடைய நிறுவனம் 35 அடிப் பெட்டி வைத்திருந்தது. மேட்சன் என்னும் இன்னொரு கப்பல் நிறுவனத்தின் பெட்டி 24 அடி. மூலைகளில் தூக்குவதற்கும் பூட்டுவதற்கும் ஆளுக்கொரு பொருத்தி. ஒருவர் பெட்டியை மற்றவர் கிரேன் தூக்காது. சீ-லேண்டுக்காகப் பொறியாளர் கீத் டேன்ட்லிங்கர் வடிவமைத்த மூலைப் பொருத்திக்குக் காப்புரிமை இருந்தது. அதை 1963-இல் சீ-லேண்ட் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தது. பின்னாளைய உலகத் தரநிலை அதிலிருந்து வளர்ந்தது. இன்று தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டியை ஆன்ட்வெர்ப் கிரேன் தூக்குவதற்கு அந்த விட்டுக்கொடுப்பும் ஒரு காரணம்.

மெக்லீன் தருமவான் இல்லை. பொருத்தி பொதுவானால் எல்லாத் துறைமுகங்களும் கன்டெய்னருக்கு மாறும், சந்தையே பெருகும், அதில் தன் பங்கும் பெருகும் என்று கணக்குப் போட்டார். அந்த சீ-லேண்டின் பன்னாட்டுக் கன்டெய்னர் வணிகத்தை 1999-இல் விலைக்கு வாங்கியது யார்? மேர்ஸ்க். கப்பல்களை வாங்கியவர்கள் அந்தக் கணக்கையும் வாங்கியிருக்கலாம்.

வங்கித் துறையின் கதை இன்னும் நெருக்கமானது. 1970-களின் தொடக்கத்தில் இன்றைய சிட்டிபேங்கின் முன்னோடியான ஃபர்ஸ்ட் நேஷனல் சிட்டி வங்கி, மார்ட்டி என்ற தன் செய்தி முறையைத் தொடர்பு வங்கிகள் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியது. ஒரு போட்டியாளரின் முறைக்குள் சிக்கிக்கொள்ள விரும்பாத வங்கிகள் 1973-இல் ஸ்விஃப்ட் என்னும் பொதுச் செய்தி அமைப்பின் பக்கம் திரண்டன: 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள், உறுப்பினருக்கே உரிமையான கூட்டுறவு அமைப்பு. கப்பல் துறைக்கும் இது புதிதல்ல. முன்பதிவுகளுக்கான இன்ட்ரா தளத்தை 2000-களின் தொடக்கத்தில் மேர்ஸ்க், எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம், ஹாப்பாக்-லாயிட் முதலியவை சேர்ந்தே தொடங்கின; அது பல ஆண்டுகள் ஓடி, 2018-இல் கைமாறியது. பங்கு பிரித்துக்கொண்ட தளம் ஓடியது என்ற அனுபவம் கையில் இருந்தும், அதே ஆண்டில் 51–49 என்ற கணக்கோடு மேர்ஸ்க் புறப்பட்டதை எனக்கு இன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை.

மேர்ஸ்க் தரப்புக்கும் நியாயம் உண்டு. எல்லோரையும் உட்கார வைத்துப் பேசிவிட்டுத் தொடங்குவது என்றால் தொடங்கவே முடியாது. செலவு செய்ய முன்வந்தவருக்கு உரிமை வேண்டாமா என்று கேட்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு இந்த வாதம் பொருந்தும். 2019-இல் நான்கு பெரிய நிறுவனங்கள் வாசலில் வந்து நின்றபோது பங்குகளைப் பிரித்திருந்தால் கதை மாறியிருக்கக்கூடும். அந்தத் தருணத்தை அவர்கள் உறுப்பினர் சேர்க்கையாகப் பார்த்தார்கள்.

எஞ்சியவை

2019 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் டிசிஎஸ்ஏ (டிஜிட்டல் கன்டெய்னர் கப்பல் சங்கம்) என்ற சங்கம் ஓசையில்லாமல் தொடங்கியது. மேர்ஸ்க், எம்எஸ்சி, ஹாப்பாக்-லாயிட், ஓ.என்.இ. ஆகிய நான்கும் நிறுவனர்கள். பிறகு சிஎம்ஏ சிஜிஎம், எவர்கிரீன், எச்எம்எம், யாங் மிங், ஸிம் சேர்ந்தன. இது தளம் எதையும் நடத்தவில்லை. ‘கப்பலில் ஏறியது’ என்றால் எந்த நொடி, அதை எந்த வடிவத்தில் சொல்வது என்ற அளவிலான தரநிலைகளை எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக வெளியிடுகிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கணினியில் தாமே செயல்படுத்திக்கொள்ளலாம். டிரேட்லென்ஸில் தயங்கி நின்ற அதே நிறுவனங்கள் இங்கே தயங்கவில்லை. மூலைப் பொருத்தியின் வழி என்று இதைச் சொல்லலாம்.

டிரேட்லென்ஸ் அணைந்துகொண்டிருந்த 2023 பிப்ரவரியில் இந்த ஒன்பது நிறுவனங்களும் ஓர் உறுதி அளித்தன: ஐந்தாண்டில் பாதிப் பி.எல்.கள், 2030-க்குள் அனைத்துப் பி.எல்.களும் மின்வடிவில். அப்போதைய நிலையில் நூற்றுக்கு ஐந்துகூட மின்வடிவில் இல்லை என்பதால் இது துணிச்சலான உறுதிதான். வேகம் போதாது என்பது என் மதிப்பீடு. கப்பல் நிறுவனம் வெளியிட ஆயத்தமாக இருந்தாலும், வங்கியும் வாங்குபவரும் சுங்கமும் ஏற்க வேண்டும்.

ஏற்பதற்குச் சட்டம் வேண்டும். மின்வடிவ ஆவணத்தை ‘கையில் வைத்திருப்பது’ என்பதற்குச் சட்டப் பொருள் தரும் மாதிரிச் சட்டத்தை ஐக்கிய நாடுகள் அமைப்பின் வணிகச் சட்ட ஆணையம் 2017-இல் தந்தது. சிங்கப்பூர் 2021-இல் அதைத் தழுவியது. கப்பல் ஒப்பந்தங்கள் பலவற்றை ஆளும் இங்கிலாந்துச் சட்டத்தில் 2023 செப்டம்பர் 20 முதல் மின் வணிக ஆவணங்களுக்குத் தாளுக்கு நிகரான தகுதி கிடைத்தது. டிரேட்லென்ஸ் மூடி ஆறு மாதத்துக்குப் பிறகு! ஐந்தாண்டு முன்பே இது வந்திருந்தால் தளத்துக்கு உதவியிருக்குமா? கொஞ்சம் உதவியிருக்கும், உரிமைக் கேள்வியைத் தீர்த்திருக்காது.

இந்தியாவில் பி.எல். பற்றிய 1856-ஆம் ஆண்டுச் சட்டமே 2025 வரை நடைமுறையில் இருந்தது. அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றிய புதிய சட்டம் பழைய விதிகளை எளிய நடையில் மாற்றி எழுதியதோடு நின்றுவிட்டது, மின்வடிவப் பி.எல்.லுக்கு என்று வெளிப்படையான பிரிவை அதில் காணோம். தாளை விட்டுவிட விரும்பும் நம் ஏற்றுமதியாளருக்கு இப்போதைக்கு உள்ள வழி, ஏதேனும் ஒரு மின் பி.எல். தளத்தின் உறுப்பினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது. அதற்கு வாங்குபவரும் இரு பக்க வங்கிகளும் அதே ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும்.